குருகு பார்க்கப் போனவள்

ஏரிக்கரையிலிருந்து நான் திரும்பி வந்ததும் அண்ணி என் முகத்தைப் பார்க்கமாட்டார். செருப்பைத்தான் பார்ப்பார். வாசற்படியில் கழற்றிப் போட்ட செருப்பில் என்ன மண் ஒட்டியிருக்கிறது என்று ஒரு நோட்டம் விட்டுவிட்டு உள்ளே போய் டீ போடுவார். கரைமேல் மட்டும் நடந்துவிட்டு வந்தால் செம்மண் ஒட்டும். கரையை விட்டு உள்பக்கம் இறங்கியிருந்தால் கறுப்புச் சேறு. கறுப்புச் சேறு ஒட்டியிருந்த நாட்களில் டீ டம்ளர் கொஞ்சம் சத்தமாகவே என் முன்னால் வந்து உட்காரும்.

அப்போது என் கணவர் இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சங்கராபுரத்தில் குடியிருந்தோம். ஒரு நாள் காலை பேருந்துக்கு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. காரியம் முடிந்த கையோடு அண்ணன் என் பீரோவையும் கட்டிலையும் ஒரு டெம்போவில் ஏற்றி, வடக்கனந்தலுக்குப் பக்கத்தில் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். வருகிறாயா என்று யாரும் கேட்கவில்லை. வரமாட்டேன் என்று நானும் சொல்லவில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. அதை மட்டும் விடவில்லை. ஸ்கூட்டரில் போய்வந்தேன்.

எனக்குக் கொடுத்த அறை வீட்டின் பின்பக்கம். ஜன்னலைத் திறந்தால் அண்ணனின் கரும்பு, அதற்கப்பால் ஏரிக்கரை. ஆடி மழைக்கு ஏரியில் பாதித் தண்ணீர் வந்திருந்தது. விடிகிற நேரத்தில் அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வரும். மரப்பலகையை விரல் முட்டியால் தட்டுவதுபோல, கொக், கொக், கொக் என்று ஒரே சீராக. கொஞ்சம் நிற்கும். பிறகு வேறு இடத்திலிருந்து தொடங்கும்.

பறவை என்று எனக்குத் தோன்றவே இல்லை. யாரோ யாருக்கோ ஜாடை கொடுக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. ஏரிக்குள் ஆள் உயரத்துக்குச் சம்பு மண்டிக் கிடந்தது. கத்தி கத்தியாக நிற்கும் அந்தக் கோரை இருக்கிறதே, அதுதான். சத்தம் வரும் நேரத்தில் அதற்குள்ளிருந்து ஒரு மனிதர் வெளியே வருவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். தோளில் ஒரு சாக்கு. முழங்கால்வரை சேறு. அவர் அண்ணன் நிலத்துக்கு அடுத்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைப்பவர். அவரும் அண்ணனும் பேச்சுவார்த்தை இல்லை. வருஷத்துக்கு ஓர் உழவுசால் என்று அவர் ஏரிக்குள் நகர்ந்துகொண்டே போகிறார் என்பது அண்ணனின் புகார்.

ஒரு நாள் காலை எழுந்து கரைக்குப் போனேன். அந்தச் சத்தத்தைத் தேடித்தான் போனேன் என்று இப்போது சொல்லலாம். அன்று எதற்குப் போனேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. தண்ணீர் பக்கத்தில் இருந்தது, வீட்டில் யாரும் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

சத்தம் எனக்கு வெகு அருகில் கேட்டது. சம்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக் காத்திருப்பது என் பிழைப்பு. காத்திருப்பதில் எனக்குச் சிரமம் இல்லை. வெகுநேரம் கழித்து, காய்ந்த சம்புத் தட்டை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒன்றுக்குக் கண் இருப்பது தெரிந்தது. மஞ்சள் கண். அது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, நான் வந்ததிலிருந்தே. வயலில் பார்க்கிற மடையான் கொக்கைவிடச் சிறியது, செங்கல் பொடியைப் பூசிவிட்டதுபோல் நிறம். கழுத்தை நீட்டி அலகை நேராக வானத்தைப் பார்க்க வைத்துக்கொண்டு, தானும் ஒரு சம்பு என்று நின்றது. காற்றுக்குச் சம்பு ஆடினால் அதுவும் கூடவே லேசாக ஆடியது.

மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் கைப்பேசியில் தேடி, அதன் பெயர் செங்குருகு என்று கண்டுபிடித்தேன். மறைந்தே வாழும், எளிதில் கண்ணில் படாது என்று போட்டிருந்தது. எனக்கு அதன்மேல் ஒரு பொறாமை வந்தது. என்னை எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்த நாட்கள் அவை. சாப்பிட்டேனா, தூங்கினேனா, யாரோடு சிரித்தேன், ஏன் பூப்போட்ட புடவை கட்டினேன். இது பாட்டுக்கு எல்லோர் கண்ணெதிரிலும் நின்றுகொண்டு ஒருவர் கண்ணுக்கும் தெரியாமல் இருக்கிறதே என்று நினைத்தேன்.

மறுநாளும் போனேன். அதன்பின் தினமும்.

அந்தச் சத்தம் குருகுடையது என்று தெரிந்துவிட்டதால் அந்தக் குத்தகைக்காரர்மேல் எனக்கிருந்த சந்தேகம் தீர்ந்துவிடவில்லை. அதிகம்தான் ஆனது. மதகுக்குப் பக்கத்தில் ஒரு நாள் இறகுகள் கொத்தாகக் கிடந்தன. இன்னொரு நாள் அவர் வரப்பில் பச்சை நைலான் வலை சுருட்டி வைத்திருந்தது. அந்தச் சாக்கில் என்ன இருக்கும் என்று தெரிந்துபோய்விட்டதாகவே நினைத்தேன். குருகு தெரிகிறதோ இல்லையோ, அவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்துக்கொள்வது எனக்குப் பழக்கமாயிற்று.

அவரும் என்னைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு காலை நேராகக் கரைமேல் ஏறி வந்தார்.

“இன்னாமா, தெனம் வர்றீங்க. இன்னா பாக்கறீங்க?”

“சும்மா. காத்து வாங்க.”

“காத்து ஒங்க வூட்டாண்ட கூடத்தான் அடிக்குது.”

குருகு என்று சொன்னால் அதற்கு நானே வழிகாட்டினதுபோல் ஆகிவிடும் என்று பயம். வேறு கேள்வி கேட்டேன். “அந்த வலை எதுக்குங்க?”

“மயிலுக்கு. நாத்தங்கால்ல பூந்து மேயுது. ஏன், ஒங்க அண்ணன் கேட்டுக்கினு வரச் சொன்னாரா?”

“அவர் ஏன் கேக்கறார்?”

“அத அவராண்டதான் கேக்கணும்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நான் நம்பவில்லை. அவரும் நம்பவில்லை என்பது அவர் நடையிலேயே தெரிந்தது.

வீட்டுக்குள் நடந்ததைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்சம் நாளானது. பரண்மேல் இருந்த எலி மருந்து காணாமல் போனது. கரும்புக்கு அடிக்கும் பூச்சிமருந்து டப்பாவை அண்ணன் மோட்டார் கொட்டகைக்குக் கொண்டுபோய்ப் பூட்டினார். டாக்டர் எனக்கு எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரை அட்டை என் மேசையில் இல்லை. அண்ணி தினமும் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரையை உள்ளங்கையில் கொண்டுவந்து கொடுத்தார், விழுங்கும்வரை நின்றார். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, ஏதோ திருட்டுப்பட்டம் கட்டுகிறார் என்று. பிறகுதான் விளங்கியது. அவர் என்னை நினைத்துப் பயப்படுகிறார்.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. அண்ணிக்கு இரண்டாவது சந்தேகமும் இருந்தது. கரைக்குப் போகும்போது நான் கைப்பேசியை எடுத்துப்போவது அவருக்குப் பிடிக்கவில்லை. நான் குளிக்கும்போது அதைத் திறந்து பார்த்திருக்கிறார். வந்து கேட்டே விட்டார்.

“இன்னா இது, போனு பூரா புல்லா இருக்குது? ஒவ்வொரு நாளும் புல்லு. ஒரே புல்லு.”

“அதுல ஒரு பறவை இருக்கு அண்ணி.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். அடுத்த படம், அதற்கடுத்தது. எனக்குத் தெரிந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன்.

“இது அலகு. இது கண்ணு.”

“எனக்கு ஒண்ணும் தெர்ல” என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். “யாருனா ஆளு வர்றாங்களா அங்க?”

“குத்தகைக்காரர் வருவார். அவர் நிலம் அங்கதான இருக்கு.”

அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம். அண்ணி என் முகத்தை அன்றுதான் நேராகப் பார்த்தார்.

இதற்கிடையில் அண்ணன் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் பேச்சுக் கொடுக்க ஆரம்பித்திருந்தார். என்னைச் சகஜமாக்கத்தான் பேசுகிறார் என்று எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. “ஏரில எவ்ளோ தண்ணி நிக்குது? மதகு ஷட்டரு தூக்கி இருந்துச்சா? அவன் நின்னுக்கினு இருந்தானா?” பார்த்ததைச் சொல்வேன். தூக்கி இருந்தது, ஆமாம் நின்றார், தண்ணீர் அவர் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொள்வார்.

புரட்டாசியில் நல்ல மழை. சம்பின் அடித்தூர்வரை தண்ணீர் ஏறிவிட்டது. குருகுகள் ஜோடியாகிவிட்டன, பெட்டை கொஞ்சம் மங்கல், நெஞ்சில் கோடு கோடாக இருக்கும். சம்புக்குள் ஒரே இடத்துக்கு அவை போய்ப் போய் வந்தன. கூடு இருக்கிறது என்று தெரிந்தது. அப்படி ஒரு காலையில்தான், அந்த இடத்துக்கு வெகு அருகே பச்சை வலை விரிந்து கிடப்பதைப் பார்த்தேன். வலையின் ஓரம் தண்ணீருக்குள் இருந்தது. அதில் ஏதோ அடித்துக்கொண்டது. தண்ணீர் சிதறியது.

நான் யோசிக்கவில்லை. கரையிலிருந்து இறங்கிவிட்டேன். முழங்கால் ஆழம்தான் இருக்கும் என்று போனேன். ஆனால் வண்டல் மண் வெட்டியெடுத்த பள்ளம் ஒன்று தண்ணீருக்கடியில் இருந்தது. கால் வழுக்கி மார்புவரை உள்ளே போய்விட்டது. புடவை காலைச் சுற்றிக்கொண்டது. சம்பைப் பிடித்தேன், அது வேரோடு கையில் வந்தது.

“ஏம்மா, ஏம்மா” என்று சத்தம் கேட்டது. குத்தகைக்காரர் வரப்பிலிருந்து ஓடிவந்து தண்ணீரில் குதித்தார். என் கையைப் பிடித்து, ஒரே இழுப்பில் வரப்பு ஓரத்தில் கொண்டுவந்து போட்டார். நான் இருமிக்கொண்டிருந்தேன். அவர் என் மணிக்கட்டை விடவில்லை.

“சாவறதுக்கு எங்க நெலத்தாண்டதான் எடம் கெடச்சுதா ஒங்களுக்கு? நாளைக்கு எம்மேல இல்ல வரும். நான்தான் தள்ளிட்டேன்னு ஒங்க அண்ணனே எழுதிக் குடுப்பாரு.”

நான் வாய் திறப்பதற்குள் கரைமேல் அண்ணி நின்றார். பின்னாலேயே வந்திருக்கிறார். அன்று மட்டுமா, தினமுமா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

“கைய விடுங்க” என்றார் அண்ணி.

“விட்டா திரும்ப எறங்கிடும் இந்தம்மா.”

“நான் சாகப் போகலை” என்றேன். “வலையில குருகு மாட்டிக்கிச்சு. அதுக்குத்தான் இறங்கினேன்.”

இருவரும் வலையைப் பார்த்தார்கள். அதில் அடித்துக்கொண்டிருந்தது ஒரு விரால் மீன். குத்தகைக்காரர் அதை அப்போதுதான் பார்த்தார். மழைத்தண்ணீர் அவருடைய வலையை வரப்பிலிருந்து அடித்துக்கொண்டு வந்திருந்தது.

“குருகுன்னா இன்னா?” என்று கேட்டார்.

அதற்கு வார்த்தையால் பதில் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. குருகு அங்கேயே இருந்தது. இவ்வளவு சத்தத்துக்கும் பறக்காமல், வலைக்கு அந்தப் பக்கம், ஒரு மூங்கில் கழியை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் அலகைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதன் கழுத்துக்கோடு, இரண்டு கண், சம்புத்தண்டைக் கவ்விய மஞ்சள் விரல்கள் எல்லாம் எனக்குத் துல்லியமாகத் தெரிந்தன. விரலை நீட்டிக் காட்டினேன்.

“அதோ. அந்த வளைஞ்ச சம்புக்கு இடது பக்கம்.”

அண்ணி பார்த்தார். குத்தகைக்காரர் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தார். நிஜமாகவே தேடினார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு ஆத்திரத்தோடு நான் எதையும் வேண்டிக்கொண்டதில்லை: அசை, ஒரே ஒருமுறை அசை. அது அசையவில்லை.

“ஒண்ணும் இல்ல அங்க” என்றார் அண்ணி.

“இருந்தா பறக்கும்” என்று குத்தகைக்காரர் குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்து ஓங்கினார். அந்த இடத்தில் கூடு இருந்தது. நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் அவர் என் கையைப் பிடித்திருந்ததை அண்ணி பார்த்தார். இப்போது நான் அவர் கையைப் பிடித்திருப்பதையும் பார்த்தார். அவர் மண்கட்டியைக் கீழே போட்டார். அண்ணி என் ஈரப்புடவைமேல் தன் துண்டைப் போர்த்தி வீட்டுக்கு அழைத்துப்போனார்.

அந்த வாரமே மதகைப் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். எந்தெந்த நேரத்தில் ஷட்டர் தூக்கப்படுகிறது என்று விவரமாக ஒரு புகார் போயிருந்தது. குத்தகைக்காரர் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அண்ணியிடம்தான் சொன்னார்.

“நான் அன்னிக்கே நெனச்சேன். வேவு பாக்கத்தான் அந்தம்மாவ அனுப்பினு இருந்தாருன்னு. சாவப் போவுதுன்னு நெனச்சி ஓடினேன் பாருங்க, என்னச் சொல்லணும்.”

உள்ளே உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாம் கேட்டது. அன்று அண்ணன் வந்ததும் கேட்டேன்.

“நான் சொன்னதத்தான் எழுதிக் குடுத்தீங்களா?”

“நான் இன்னா ஒன்ன அனுப்பினனா? நீயா போன. கேட்டேன், சொன்ன. தண்ணி நம்ம மொறதான?”

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. தண்ணீர் முறையும் எங்களுடையதுதான். “இனிமே என்கிட்ட கேக்காதீங்க” என்று மட்டும் சொன்னேன். அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். சில நாள் பேசவில்லை. அதன்பிறகு ஏரியைப் பற்றி அவர் என்னிடம் கேட்டதில்லை, நானும் அவர் எதைப் பற்றிக் கேட்டாலும் ஒரு நொடி யோசித்துத்தான் பதில் சொல்கிறேன்.

குத்தகைக்காரரும் நானும் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற கதை டீக்கடைவரை போயிருந்தது. அண்ணி சொல்லியிருக்கமாட்டார். கரையில் மாடு ஓட்டிப்போனவர் யாராவது பார்த்திருக்கலாம். ஒரு சாயங்காலம், வேலை முடிந்து வந்து ஸ்கூட்டரை நிறுத்துகிறேன், வீட்டுக்குள் ஒரு பெண் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். குத்தகைக்காரரின் மனைவி. வெள்ளிமலைப் பக்கம் ஓர் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்றுதான் பக்கத்தில் பார்த்தேன். அண்ணி சமையலறை வாசலில் நின்றார். தண்ணீர் கொடுத்த சொம்பு தொடப்படாமல் இருந்தது.

“அக்கா, ஒண்ணு கேக்கலாமா?” என்றார்.

“கேளும்மா.”

“எங்க வூட்டுக்காரரு ஒங்க கையப் புடிச்சாருன்னு சொல்றாங்க.”

“ஆமா, புடிச்சார்.”

“எதுக்கு?”

“நான் சாகப் போறேன்னு நெனச்சுக்கிட்டார்.”

அவர் என்னையே பார்த்தார். மலையிலிருந்து வந்தவர் என்பதாலா, அவர் சுபாவமே அப்படியா தெரியாது, பார்வையைத் தாழ்த்தவே இல்லை.

“போனீங்களா?”

இத்தனை மாதத்தில் யாரும் இதை என்னிடம் கேட்டதில்லை. மாத்திரையை எண்ணினார்கள், மருந்தை ஒளித்தார்கள், பின்னாலேயே வந்தார்கள். கேட்கவில்லை. சமையலறை வாசலில் அண்ணி அசையாமல் நின்றது எனக்குத் தெரிந்தது.

“மொத நாள் எதுக்குப் போனேன்னு எனக்குத் தெரியல” என்றேன். “அதுக்கப்புறம் இல்லை. அதுக்கப்புறம் அந்தப் பறவையைப் பாக்கத்தான் போனேன்.”

அவர் தலையை ஆட்டினார். சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். எனக்கு ஏனோ அப்போதுதான் அழுகை வந்தது. அவர் அதைப் பெரிதுபடுத்தாமல் உட்கார்ந்திருந்தார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டதும், என் சந்தேகத்தை நானும் கேட்டுவிட்டேன்.

“அவர் ஏரில பறவை புடிக்கிறாரா?”

“எப்பனா புடிப்பாரு. கானாங்கோழி. நான் பொய் சொல்லமாட்டேன். சாக்குல தெனம் கொண்டாறது மாட்டுக்குப் புல்லு.”

“இந்தக் குருகையும் புடிச்சிருக்காரா?”

அவர் யோசித்தார். “உரிச்சப்புறம்தான் என் கைக்கு வரும். எல்லாம் ஒரே ருசிதான்.”

அண்ணி சிரித்துவிட்டார். சிரித்தது தனக்கே பிடிக்காததுபோல் உள்ளே போனார்.

“எங்க மலைல இதுமாதிரி ஏரி கம்மி” என்றார் அந்தப் பெண் கிளம்பும்போது. “அது எப்பிடித்தான் இருக்குதுன்னு நானும் பாக்கணும். நாளைக்கு வரட்டா?”

மறுநாள் காலை மூவரும் கரையில் நின்றோம். அண்ணி என்னைத் தனியே அனுப்பமாட்டேன் என்று வந்திருந்தார். அந்தப் பெண் தன் கணவர் சொன்னதும் நான் சொன்னதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வந்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். குத்தகைக்காரர் தூரத்தில் வரப்பில் நின்று எங்கள் மூவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்; அவர் என்ன நினைத்தாரோ. வலை அங்கே இல்லை. சத்தமும் இல்லை. வெயில் ஏறும்வரை நின்றோம். சம்பு ஆடியது, ஒரு மீன்கொத்தி வந்து போனது, குருகு கண்ணில் படவே இல்லை. எனக்குக்கூடத் தெரியவில்லை.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். கேட்பதற்குச் சங்கடப்பட்டார். “நெசமாவே இருக்குதாக்கா?”

நான் பேசுமுன் அண்ணி சொன்னார். “இருக்குது. நான் பாத்தேன். செவப்பா, கழுத்த நீட்டிக்கினு மேல பாத்துக்கினு நின்னுச்சி. காலு மஞ்சளு.”

அந்தப் பெண் அண்ணியை நம்பினார். அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வரப்பில் இறங்கிக் கணவரை நோக்கிப் போனார்.

அண்ணி பார்த்திருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. என் கைப்பேசிப் படங்களில் அந்த நிறமோ காலோ தெரியாது; நானும் அவரிடம் வர்ணித்ததில்லை. பார்த்திருந்தால், அன்று வரப்பில் நான் நனைந்து நின்றபோது ஒன்றும் இல்லை என்று ஏன் சொன்னார்? பார்க்கவில்லையென்றால் கால் மஞ்சள் என்பது எப்படித் தெரியும்? வீட்டுக்குத் திரும்பும் வழியில் கேட்டேன்.

“எப்ப அண்ணி பாத்தீங்க?”

“பாத்தேன்னு சொன்னா பாத்தேன்” என்றார், முன்னால் நடந்துகொண்டே. “வேலைக்கு நேரமாவுது. சீக்கிரம் வா.”